சிறாரைத் தாங்கும் கரங்களுக்குப் பயிற்சி எங்கே?

(மும்பையில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற கல்வி வகுப்பில், கட்சியின் மொழிபெயர்ப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆசிரியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், மாணவர் மற்றும் மாதர் அமைப்புகளின் தோழர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். துயருற்ற சிறாரோடு நாள்தோறும் பழகுபவர்கள் நீங்கள். நான் சொற்களோடு பழகுபவன். ஆகவே, ஒரு சொல்லில் நான் செய்த பிழையிலிருந்து தொடங்குகிறேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, இந்நகரின் காவல் நிலையம் ஒன்றுக்கு மொழிபெயர்ப்பதற்காக என்னை அழைத்துச் சென்றார்கள். அங்கே பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் நின்றிருந்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு அழைத்துவரப்பட்டவன். தமிழ் தவிர வேறு மொழி அறியான். அவன் வேலை பார்த்த பழைய இரும்புக் கடையில் செப்புக் கம்பி காணவில்லை என்பது புகார். "மூணு மாசமா கூலி தரல அண்ணாச்சி, அதான் எடுத்தேன்" என்றான். அதிகாரி அவசரப்படுத்தினார். நான் இந்தியில் "சோரி கீ" என்று சொல்லிவிட்டேன். கூலிச் செய்தியைப் பிறகு சொல்லலாம் என்று கருதினேன். அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

சிறுவன் சொல்லாத 'திருட்டு' அவனுடைய வாக்குமூலமாகத் தாளில் ஏறிற்று. கூலியை ஏய்த்த முதலாளியைப் பற்றி அத்தாளில் ஒரு வரியும் இல்லை. வழக்கறிஞர் தோழர் ஒருவர் முயன்று உண்மையைப் பதிவு செய்விப்பதற்குள் சில வாரங்கள் கடந்தன. அதுவரை அவன் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். சுரண்டலைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்களை மொழிபெயர்த்தவன் நான். என் எதிரே நின்ற சுரண்டலை மொழிபெயர்க்கத் தவறினேன். நல்லெண்ணம் இருந்தது, பயிற்சி இல்லை.

சட்டத்தின் ஏடும் நடப்பும்

இன்று சட்டம் இதை உணர்ந்திருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது தகுதியும் அனுபவமும் உள்ள மொழிபெயர்ப்பாளரின் உதவியைப் பெறலாம் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 26ஆவது பிரிவு. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உரிய பயிற்சி பெற்ற குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவரையேனும் நியமிக்க வழிசெய்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 107ஆவது பிரிவு.

அதே 2015 சட்டம்தான், கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயது வரையிலான சிறாரை வயது வந்தோரைப் போல் விசாரிக்கவும் வழிதிறந்தது. அதற்குமுன் இளைஞர் நீதிக் குழுமம் அச்சிறாரின் மனநிலையையும், விளைவை உணரும் திறனையும் முதற்கட்டமாக மதிப்பிட வேண்டும். ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளரும் கொண்டது அக்குழுமம். ஓர் இளம் உயிரின் எதிர்காலத்தையே தீர்மானிக்கும் இம்மதிப்பீட்டை யார் செய்வது? குழந்தை உளவியலிலோ உளநல மருத்துவத்திலோ பட்டம் பெற்ற வல்லுநர் குழுமத்தில் இல்லையெனில், அத்தகையோரின் உதவியைக் கட்டாயம் பெறவேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சட்டம் நடைமுறைக்கு வந்து ஆறாண்டுகளுக்கும் மேலான பிறகே இத்தெளிவு கிட்டியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பள்ளி, கல்லூரிகளின் நிலை என்ன? 2022இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. நூறும் அதற்கு மேலும் மாணவர் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும், எல்லா ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் உளநல முதலுதவிப் பயிற்சி தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. நிதி ஒதுக்காமல் இதை எவ்வாறு நிறைவேற்ற முடியும்?

ஊழியரைக் கைவிட்டால்

இத்துறையின் தொழில்முறைப் பயிற்சி இந்நகரில்தான் வேர்விட்டது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1936இல் இங்கே தொடங்கப்பட்டது. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும் அந்நிறுவனத்தின் முயற்சியாக 1996இல் இங்கேயே பிறந்தது. 2023இல் அச்சேவை தொண்டு நிறுவனங்களிடமிருந்து அரசு நிர்வாகத்திற்கு மாற்றப்பட்டு, 112 அவசர உதவி எண்ணுடன் இணைக்கப்பட்டது. அரசு பொறுப்பேற்பது நம் கோரிக்கையே. ஆனால் தொலைபேசியின் மறுமுனையில் பேசாமல் அழும் குழந்தையிடம் காத்திருக்கத் தெரிந்த ஊழியரின் அனுபவம், அரசாணையால் மாற்றித் தரக்கூடிய பொருளன்று.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் பணிபுரிவோர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர். அங்கன்வாடி ஊழியர் பெறுவது ஊதியமன்று, மதிப்பூதியம். நாளை வேலை இருக்குமா என்று அஞ்சும் ஒருவர், அஞ்சி வந்த குழந்தைக்கு எப்படி ஆறுதலாக முடியும்? குழந்தையின் உரிமையும் ஊழியரின் உரிமையும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

மகரென்கோவின் பாடம்

உள்நாட்டுப் போருக்குப் பின் சோவியத் நாட்டில் பெற்றோரை இழந்த சிறார் தெருக்களில் திரண்டிருந்த காலம். 1920இல் உக்ரைனின் போல்தாவா அருகே, அத்தகைய சிறாருக்கான குடியிருப்பின் பொறுப்பை ஏற்றார் அந்தோன் மகரென்கோ. கல்வியியல் நூல்களைப் புரட்டினார். கைகொடுக்கும் முறை எதுவும் அவற்றில் அவருக்குக் கிட்டவில்லை. தொடக்கத்தில் பொறுமையிழந்து ஓர் இளைஞனை அடித்தார். அதை மறைக்காமல் எழுதினார். முன்பு கொள்ளையில் ஈடுபட்ட ஒருவனிடமே பெருந்தொகையைப் பெற்றுவரும் பொறுப்பைத் தந்தார். அவன் ஒரு காசும் குறையாமல் திரும்பினான். பின்னர் கார்கிவ் நகரருகே அவர் வழிநடத்திய குடியிருப்பில் சிறார் மின்துளைப்பான்களும் ஒளிப்படக் கருவிகளும் செய்தனர்.

அவரது காலமும் சூழலும் வேறு. எனினும் கூட்டு வாழ்வு, பயனுள்ள உழைப்பு, நம்பிக்கை, தன் பிழையை ஏற்கும் நேர்மை ஆகியவை இன்றும் நமக்குப் பாடங்கள்.

நம் பணிகள்

குழந்தைப் பாதுகாப்பு ஊழியருக்கு நிரந்தரப் பணியும், ஊதியத்துடன் கூடிய தொடர் பயிற்சியும் கோருவோம். புலம்பெயர்ந்த சிறாருக்கு அவர்தம் மொழியறிந்த, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரின் பட்டியல் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும் என்று வலியுறுத்துவோம். குழந்தைகளுக்கான 1098, உளநலத்திற்கான டெலி மானஸ் 14416 ஆகிய எண்களை ஒவ்வொரு குடியிருப்பிலும் எழுதி வைப்போம்.

நம் பேச்சையும் திருத்திக்கொள்வோம். 'திருட்டுப் பயல்', 'உருப்படாதவன்' என்னும் சொற்கள் நம் கிளைக் கூட்டங்களிலும் காதில் விழுகின்றன. 'சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை' என்பது நீண்ட தொடர்தான். ஆனால் அதில் 'குழந்தை' என்ற சொல் இருக்கிறது.

இத்துறையில் பணிபுரியும் தோழர்கள் தங்கள் அனுபவங்களை எழுதி அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்து எளிய தமிழ்க் கையேடு ஒன்றாக்கும் பணியை நான் ஏற்கிறேன். அன்று 'எடுத்தேன்' என்ற சிறுவனுக்கு நான் பட்ட கடன் அது.