வாடகை வீடும் ஒரு கேள்வியும்



அறம், பொருள், இன்பம், வீடு என உறுதிப்பொருள் நான்கு என்பார்கள் நம் முன்னோர். அந்த நான்காவது வீடு கிடைப்பது மிக அரிது என்றும் சொல்லி வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஒரு வீடு தேடி அலைந்தவனுக்கு, அதனிலும் அரிதான வீடு ஒன்று உண்டென்பது தெரியும். அப்படி அலைந்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் குடாநாட்டில் வாடகைக் குடியிருப்பு முன்னாளில் அவ்வளவாக வழக்கத்தில் இருந்ததில்லை. தேசவழமைப்படி வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். காசு முட்டுப்பட்டால் வீட்டை ஒற்றி வைப்பார்கள். காசு கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக அந்த வீட்டில் இருப்பார். வாடகைக்கு இருப்பவர் ஒன்றில் இடமாற்றத்தில் வந்த உத்தியோகத்தர், அல்லது பட்டணத்திற் படிக்க வந்த மாணவர். ஆகையால் வீடு கேட்டு வருபவரைக் கண்டதும், 'இவருக்கு ஏன் சொந்தமாய் ஒரு வீடில்லை?' என்ற ஐயமே முந்திக்கொண்டு எழும்.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கில் பலாலியையும் காங்கேசன்துறையையும் சூழ்ந்த ஊர்கள் வெறுமையாயின. சொந்த வீடிருந்தும் வீடற்றவர்களானோம். என் சட்டைப்பையில் வீட்டுத் திறப்பு மாத்திரம் இருந்தது.

சில வாரம் ஒரு பாடசாலை வகுப்பறையில் இருந்தோம். பிறகு கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலி என்று சைக்கிளில் வீடு தேடத் தொடங்கினேன். ஆசிரியச் சம்பளம். ஐந்து சீவன்கள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்குக் கொடுத்தால் அடுப்பெரியாது. ஒரு செலவு மட்டும் இல்லை: மின்சாரமே அற்றுப்போனதால் மின்சாரக் கட்டணமும் இல்லை!

பூட்டிக் கிடந்த வீடுகளுக்குக் குறைவில்லை. உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருப்பார். இங்கே ஓர் உறவினர் திறப்பு வைத்திருப்பார். வாடகைக்குக் கொடுக்க அவருக்குப் பயம். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பவனுக்குப் பாதுகாப்பளித்தது. இருக்க விட்டால் எழுப்ப முடியாது என்பது ஊர்ப்பேச்சு. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

கடைசியில் கொக்குவிலில் ஒரு படலை திறந்தது. வயதான ஓர் அம்மா. விறாந்தையில் இருத்தி விசாரித்தார்.

"எத்தினை பேர்?"

"ஐஞ்சு பேர் அம்மா."

"சின்னப் பிள்ளையள் மாமரத்துக்குக் கல்லெறிவினமோ?"

"இல்லை அம்மா."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "தம்பி, ஊரிலை நீங்கள் எந்தக் கோயிலடி?"

நேயர்களே, இந்தக் கேள்வியின் பொருளை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கோயிலைக் கேட்பதுபோலச் சாதியைக் கேட்பது அது. கிணறு ஒன்று, அதில் யார் அள்ளுவது என்பதுதான் அம்மாவின் கவலை. நான் பதில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. வாடகையிலும் கொஞ்சம் குறைத்தார். அந்தக் குறைப்பை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன் என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும்.

பின்பக்கத்து இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. என்னோடு படிப்பித்த ஓர் ஆசிரியர், எங்களைப்போலவே இடம்பெயர்ந்தவர், மனைவி பிள்ளையோடு இடமின்றி நின்றார். நானே கூட்டிப்போனேன். அதே விறாந்தை, அதே கேள்வி. அவர் ஒளிக்காமற் பதில் சொன்னார்.

"அறையுக்கை சாமான் கிடக்குது. பிறகு பாப்பம்" என்றார் அம்மா.

அந்த அறைகளில் ஒரு சாமானும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் கிணற்றடியைப் பார்த்தபடி நின்றேன். வாய் திறந்தால் எங்கள் இடமும் போய்விடுமோ என்ற பயம். திரும்பி வரும் வழியில் அவர் மறுநாள் நேரசூசியைப் பற்றி மட்டும் கதைத்துக்கொண்டு வந்தார்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே வீதியில் இறங்கித் தென்மராட்சியை நோக்கி நடந்தது. அந்த அம்மாவும் எங்களோடு வந்தார். சாவகச்சேரிப் பக்கம் ஒரு படலையில் நின்று, ஒரு விறாந்தைக்காக அவர் கைகூப்பியதைக் கண்டேன். அந்த வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தினை பேர்?"

கே. டானியலின் 'பஞ்சமர்', டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' ஆகியவற்றைப் படித்து, வகுப்பில் உணர்ச்சியோடு பேசியவன் நான். படித்தது எனக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய இடம் அந்தக் கொக்குவில் விறாந்தை. அங்கே பயன்படவில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் அறை தேடிய காலத்தில், தமிழர் என்றதும் கதவைச் சாத்தியவர்களைப் பற்றி நாம் கொதித்துப் பேசினோம். அது நியாயமான கொதிப்பு. ஆனால், நம் படலையில் நாமே அதைத்தானே செய்தோம்?

இன்று பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த திருநெல்வேலியில் அறை தேடும் பிள்ளைகள் மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருகிறார்கள். வாடகையும் முற்பணமும் அவர்களின் பெற்றோரை வாட்டுகின்றன. உங்கள் படலையை அப்படி ஒரு பிள்ளை தட்டினால், எத்தனை பேர் என்று கேளுங்கள். வாடகையை ஒழுங்காகத் தருவியளோ என்றும் கேளுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. கோயிலடியைக் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டார் கேட்டால், என்னைப்போலக் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.