வீட்டு நாயும் எஞ்சிய குளிசையும்

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் படகேறுவோர்க்கு எழுவைதீவு தொலைவான ஊர் அன்று. ஆயினும் நோயுற்ற நாயொன்றை மடியில் வைத்திருப்பவருக்கு அந்தச் சிறு கடலே மிக அகன்றதாகிவிடுகிறது. வாடைக்காற்று வலுத்த நாட்களில் படகு ஓடுவதும் உறுதியில்லை. மனிதருக்கு வருத்தமென்றால் எவ்வாறேனும் அக்கரை சேர்ப்பர். நாய்க்கு வருத்தமென்றால் ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பர். மறுநாளும் பொறுத்துப் பார்ப்பர். மூன்றாம் நாள் அலுமாரியைத் திறப்பர். இன்றைய பேச்சு அந்த அலுமாரியைப் பற்றியது.

அத்தகைய வீடொன்றை நேயர்கள் மனத்தில் அமைத்துப் பார்க்கலாம். கடற்றொழிலாளர் ஒருவரின் வீடு. முற்றத்திலே வலை காய்கிறது. இரவிலே வேறு நாய்களோடு கடிபட்டு வந்த வீட்டு நாயின் தொடையிற் புண். சீழ் கட்டி வீங்கியிருக்கிறது. வீட்டுக்காரரின் காலில் சென்ற ஆண்டு முள் ஏறிப் புண்ணானபோது வைத்தியசாலையிற் கொடுத்த அமொக்சிசிலின் குளிசைகளில் ஆறேழு, பிஸ்கற் தகரத்தினுள் எஞ்சிக் கிடக்கின்றன. “ஆளுக்குச் சுகமாக்கின மருந்து நாய்க்குச் சுகமாக்காதோ?” என்று கேட்கிறார் ஆச்சி. நியாயமான கேள்விதான். குளிசை மீன்சோற்று உருண்டையில் ஒளிந்து நாயின் வயிற்றுக்குப் போகிறது. காலையில் ஒன்று, நினைவு வந்தால் மாலையிலும் ஒன்று. மூன்றாம் நாள் வீக்கம் வற்றுகிறது. நாய் வாலை ஆட்டுகிறது. மீதிக் குளிசைகள் மறுபடியும் தகரத்தினுள் போகின்றன. அன்றிரவு வீட்டின் கடைக்குட்டி, வழக்கம்போலத் திண்ணையிலே நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உறங்குகிறான்.

இதிலே குற்றம் யாது? அன்பினாற் செய்த காரியம். காசுச் செலவும் இல்லை. பயனும் கண்முன்னே தெரிந்தது. பயன் தெரிந்ததனாலேதான் இடர் மறைந்து நிற்கிறது.

1928 ஆம் ஆண்டிலே பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் ஃபிளெமிங், அதற்காக 1945 இல் ஃபுளோரி, செயின் என்னும் இருவரோடு நோபெல் பரிசு பெற்றார். பரிசு பெற்ற மேடையில் தமது கண்டுபிடிப்பின் பெருமையைப் பேசியதோடு அவர் அமையவில்லை. ஓர் எச்சரிக்கையும் செய்தார். ஒருவனுக்குத் தொண்டை நோகிறது. அவன் தானாகவே பெனிசிலினை வாங்கிப் போதாத அளவில் உட்கொள்கிறான். கிருமிகள் மாளவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிவிடுகின்றன. அவனிடமிருந்து அவை மனைவியைத் தொற்றுகின்றன. அவளுக்கு நியுமோனியா காண, வைத்தியர் பெனிசிலின் கொடுக்கிறார். மருந்து பலிக்கவில்லை, அவள் இறந்துபோகிறாள். அந்தச் சாவுக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்டார் ஃபிளெமிங். இது அவர் எடுத்துக்காட்டாகப் புனைந்த கதை. கணவன் இருந்த இடத்திலே நாயையும் மனைவி இருந்த இடத்திலே அந்தக் கடைக்குட்டியையும் வைத்துப் பார்த்தால், அது எழுவைதீவுத் திண்ணைக்கும் பொருந்துகிறது.

ஒரு புண்ணிலே பற்றீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றுள் சில, பிறவியிலேயே மருந்தைச் சற்றுத் தாங்கும் வலிமை கொண்டவை. அரைகுறை மருந்து மெலிந்தவற்றைக் கொல்லும். வலியவை எஞ்சி, இடம் விசாலமானதைக் கண்டு பெருகும். இன்னுமொன்று: அவ்வலிமையைத் தரும் மரபுக்கூற்றை ஒரு பற்றீரியா, வேறோர் இனத்துப் பற்றீரியாவுக்கும் கைமாற்றிக் கொடுக்க வல்லது. நாயின் குடலிலே உண்டான எதிர்ப்பு நாயோடு நிற்குமென்று எண்ணுவதற்கு இல்லை. நாயின் தோலிலே இயல்பாக வாழும் ஸ்ரபிலோகொக்கசு வகையொன்றில், மெதிசிலினுக்கு அடங்காத குலம் பல நாடுகளிற் பரவியுள்ளது. சிற்சில வேளைகளில் அது மனிதரையும் பற்றியிருக்கிறது.

தீவகத்தாருக்கு இதனை விளக்கக் கிணறு ஒன்றே போதும். சுண்ணக்கல் நிலத்திலே மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. அளவோடு அள்ளினால் ஊருக்கெல்லாம் குடிநீர். ஒருவர் தம் தோட்டத்திற்கென அளவுமீறி இறைத்தால் உவர் மேலேறி, அயலாரின் கிணறும் கரிக்கும். அள்ளியவர் ஒருவர், உவர்நீர் குடிப்பவர் பலர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும், அதாவது மக்கள் வழக்கில் அன்டிபயோட்டிக்கும், அவ்வாறான பொதுச்சொத்துத்தான். மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் மட்டும் 2019 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்பது மருத்துவ ஆய்வாளரின் மதிப்பீடு. இவற்றில் நாய்களின் பங்கு மிகப் பெரிது என்று சொல்வது மிகை. மனிதர்க்கும் பண்ணை விலங்குகட்கும் வேண்டாமற் கொடுக்கும் மருந்தே பெரும்பங்கு. ஆயின் பண்ணைக் கோழியை எவரும் அணைத்துக்கொண்டு உறங்குவதில்லை.

அணைத்தலால் வந்த வினைக்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. 2016 சனவரி முதல் 2018 பெப்ரவரி வரை, 18 மாநிலங்களில் 118 பேருக்குக் கம்பைலோபக்டர் என்னும் பற்றீரியாவால் வயிற்றோட்டம் கண்டது. 26 பேர் வைத்தியசாலையிற் சேர்ந்தனர். நல்வினையாக ஒருவரும் இறக்கவில்லை. தேடிப் பார்த்தபோது, செல்லப்பிராணிக் கடைகளில் விற்கப்பட்ட நாய்க்குட்டிகளிடம் போய் நின்றது அந்த நோய். வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளுக்கு அக்கிருமி அடங்கவில்லை. ஏன்? அதிகாரிகள் ஆராய்ந்த 149 குட்டிகளில் 142 குட்டிகள் அன்டிபயோட்டிக் உண்டிருந்தன. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு நோயே இல்லை. நோய் வந்துவிடக்கூடாதே என்று முன்கூட்டிக் கொடுத்திருந்தனர்! மருந்து மலிந்த நாட்டிலே நேர்ந்தது இது. மருந்து கிடைப்பதே அருமையான தீவிலோ, தகரத்தில் எஞ்சியதைக் கொண்டு அதே வழியிற் செல்கிறோம்.

இனி, நாய்க்கு வரும் வருத்தங்களில் எவற்றுக்கு இந்த மருந்து உதவும் என்பதைப் பார்க்கவேண்டும். அன்டிபயோட்டிக் பற்றீரியாவை மாத்திரமே வெல்லும். குட்டிகளை இரத்தக் கழிச்சலால் மாய்க்கும் பார்வோ நோய் வைரசினால் வருவது. அதில் வைத்தியர் இம்மருந்தைக் கொடுத்தாலும், தளர்ந்த உடலில் வேறு கிருமிகள் புகுவதைத் தடுக்கவே கொடுப்பார். நாயை உண்மையிற் காப்பது உடலில் நீர் வற்றாது பார்க்கும் பராமரிப்பும், அதற்கு முன்னர் போட்டிருக்கவேண்டிய தடுப்பூசியுமே. சொறிந்து சொறிந்து மயிர் உதிர்ந்த நாய்க்குப் பெரும்பாலும் காரணம் உண்ணி, தெள்ளு, அல்லது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. குளிசை எத்தனை கொடுத்தாலும் உண்ணி சாகாது. புண்ணிலே புழு வைத்தாலும் அவ்வாறே. புழுவை எடுத்துப் புண்ணைக் கழுவாதவரை மருந்து வீண். வெறும் வயிற்றோட்டமாயின், நாய் சோராமல் நீர் அருந்துமாயின், அன்டிபயோட்டிக் வேண்டாமென்று ஐரோப்பியக் கால்நடை வைத்திய நிபுணர்கள் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. மேற்றோற் புண்களுக்குக் கூடக் கிருமிநாசினி கலந்த நீராற் கழுவுவதையே வைத்தியர் இன்று முதலில் நாடுகின்றனர்.

உண்ணிக்காய்ச்சல் வேறு கதை. இலங்கை நாய்களிடையே பெரிதும் காணப்படும் இந்நோய், உண்ணி கடிப்பதனால் வருவது. நாய் உணவை வெறுக்கும். மூக்கால் இரத்தம் வடிதலும் உண்டு. அதன் ஒரு வகை பற்றீரியாவினால் ஆவது. அதற்கு டொக்சிசைக்கிளின் என்னும் அன்டிபயோட்டிக்கை வைத்தியர் ஏறத்தாழ நான்கு வாரம் கொடுப்பார். மற்றொரு வகை வேறோர் ஒட்டுண்ணியால் வருவது. அதற்கு மருந்தும் வேறு. வெளிக்குறிகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு துளி இரத்தத்தைச் சோதித்தறியாமல் எது எதுவென்று வீட்டிலிருந்து சொல்வது இயலாது. எலிக்காய்ச்சல் வராதிருக்கும்பொருட்டு நம் வயற்காரருக்குச் சுகாதாரத் திணைக்களத்தார் கொடுப்பதும் இதே டொக்சிசைக்கிளின்தான். நாயிடத்தில் அதனைப் பாழாக்கினால் வயலிலும் அது குறைபடும்.

ஆச்சியின் கேள்விக்கு விடை இதுவே: ஆளுக்குச் சுகமாக்கிய மருந்து நாய்க்கும் சுகமாக்கலாம். ஆயின் எந்த நோய்க்கு, எந்த நிறைக்கு, எத்தனை நாளுக்கு என்பதைத் தகரம் அறியாது. அந்தத் தகரத்திலேயே கிடக்கும் ஐபியுபுரோபன் போன்ற நோவுக் குளிசை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதையும் அது அறியாது. நாட்கணக்கை வைத்தியரே குறிக்கட்டும். முன்னாளினும் குறுகிய காலம் போதுமென்று பல நோய்களில் இன்று காண்கின்றனர். வாலாட்டுகிறதென்று நாமாக நிறுத்துவதும் பிழை, பயத்தால் நீட்டுவதும் பிழை. எஞ்சிய குளிசைகளைக் கிணற்றடியிலோ குப்பையிலோ எறியாமல், அடுத்த முறை அக்கரைக்குப் போகையில் வைத்தியரிடமோ மருந்தகத்தாரிடமோ காட்டி வழி கேட்கலாம்.

கடல் குறுக்கே கிடப்பது உண்மைதான். ஆனால் கைத்தொலைபேசிக்குக் கடல் ஒரு பொருட்டன்று. தீவகத்தின் அரசாங்கக் கால்நடை வைத்தியரோடு முதலிற் பேசி, புண்ணின் படத்தை அனுப்பினால், படகேற வேண்டுமா, வீட்டிலே கழுவி ஆற்றலாமா என்று அவர் சொல்லக்கூடும். பேசுமுன் சில செய்திகளை எழுதி வைத்துக்கொள்வது நன்று: வருத்தம் தொடங்கிய நாள், தின்றது, கழிந்தது, முன்னர் கொடுத்த மருந்தின் உறை, நாயின் நிறை. நிறைக்கு எங்கே போவது என்று மயங்கவேண்டாம். குட்டியாயின் மீன் நிறுக்கும் தராசு போதும். வளர்ந்த நாயாயின் ஒருவர் அதனைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி நின்று, பின்னர் தமது நிறையைக் கழித்துவிடலாம். மீன் தராசைப் பின்பு கொதிநீரிற் கழுவுவதை வாங்க வருவோர் விரும்புவர்! நாயின் புண்ணைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும், ஆறும்வரை சிறுவரை வேறிடத்திற் படுக்கச் செய்வதும் செலவில்லாதவை. நாய் மனிதரைக் கடித்துவிட்டாலோ வேறு ஆலோசனைக்கே இடமில்லை. காயத்தைச் சவர்க்காரமும் ஓடுநீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். விசர்நாய் நோயின் வைரசை எந்த அன்டிபயோட்டிக்கும் தொடாது.

படகேறத்தான் வேண்டும் என்று வைத்தியர் சொன்னால், நோவினாற் சினந்திருக்கும் நாயின் வாயை மெல்லிய துணியால் தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம். வாந்தியோ மூச்சுத் திணறலோ உள்ள நாய்க்கு அது கூடாது. ஒரு சாக்கும் போத்தலில் நீரும் எடுத்துக்கொண்டு, படகுக்காரருக்கு முன்னரே சொல்லிவைத்தால், மற்றப் பிரயாணிகள் சற்று ஒதுங்கி நாய்க்கு இடம் விட்டுக்கொடுப்பார்கள்.