திடலைப் பராமரிப்பவர் யார்?

(வடசென்னையில் இளைஞர் விளையாட்டு மன்றங்களின் பயிற்றுநர்கள், வீரர்கள், வீராங்கனைகள், பெற்றோர் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இத்தனை பயிற்றுநர்கள் உட்கார்ந்திருக்கும் அரங்கில் பந்தை எப்படி உதைப்பது என்று பேச எனக்குத் தகுதி கிடையாது. நான் பேச வந்தது பந்து உருளும் மண்ணைப் பற்றி. அந்த மண்ணைக் கூட்டுவது யார், ரோலர் உருட்டுவது யார், சுண்ணாம்புக் கோடு போடுவது யார், எந்த டீமுக்கு எத்தனை மணி என்று நேரம் பிரிப்பது யார், கேட்டின் சாவி யார் வீட்டில் இருக்கிறது என்பதைப் பற்றி. இதையெல்லாம் நாம் சில்லறை வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். சாதி வேலை செய்யும் இடமே இந்தச் சில்லறை வேலைகள்தான் என்பது என் கருத்து.

2024 அக்டோபரில் பெருநகர சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். மாநகராட்சியின் 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடுவது, விளையாட வரும் ஒவ்வொருவரிடமும் மணிக்கு 120 ரூபாய் வாங்குவது என்பது அந்தத் தீர்மானம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்தில் 20 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி எடுக்கும் ஒரு பிள்ளைக்கு 2,400 ரூபாய். அண்ணன் தங்கை இருவரும் ஆடினால் 4,800 ரூபாய். நம் குடியிருப்புகளில் பல வீடுகளுக்கு அது வாடகைப் பணம். எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே மாநகராட்சி பின்வாங்கி, கட்டணம் இல்லை என்று அறிவித்தது.

அது வெற்றிதான். ஆனால் அந்த வெற்றி பாதியில் நிற்கிறது. பொதுச்சொத்தைத் தனியாரிடம் விடும்போதெல்லாம் சொல்லப்படும் காரணம் ஒன்றே: 'பராமரிக்க ஆள் இல்லை, பணம் இல்லை.' இந்தக் காரணத்துக்கு நம்மிடம் பதில் இருக்கிறதா? இலவசம் என்று பலகை வைத்துவிட்டு, விளக்கு எரியாமல், வலை கிழிந்து, மழைத் தண்ணீர் வடியாமல் திடல் சீரழிந்தால் அடுத்த டெண்டர் தானாக வரும். அப்போது நம் பிள்ளைகளின் பெற்றோர்களே, 'தனியாரிடம் கொடுத்தாலாவது ஒழுங்காக இருக்கும்' என்று சொல்வார்கள். அதனால் இலவசம் கேட்கும் நாம் பராமரிப்புத் திட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டும்.

பராமரிப்பு என்ற சொல் நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. 1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் என்ன சொன்னது? பொதுப் பணத்தில் கட்டப்பட்டு, பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகள், கிணறுகள், சத்திரங்கள் எல்லாவற்றையும் தீண்டத்தகாதார் எனப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்றது. அதைப் பின்பற்றி மகாட் நகராட்சி தன் சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது. காகிதத்தில் திறந்த குளத்தில் யாரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்.

அதே சொல் அரசமைப்புச் சட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறது. பிரிவு 15(2)-ஐப் படித்துப் பாருங்கள். முழுவதுமாகவோ பகுதியாகவோ அரசு நிதியால் பராமரிக்கப்படும், அல்லது பொதுமக்கள் பயன்பாட்டுக்கென விடப்பட்ட கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் சாதி, மதம், பாலினம், பிறப்பிடம் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. விளையாட்டுத் திடல் பொதுமக்கள் கூடும் இடம். அங்கே கோடு போடும் சுண்ணாம்பு அரசுப் பணத்தில் வாங்கப்படுகிறதா, ஊர்ப் பெரியவர் பணத்தில் வாங்கப்படுகிறதா என்பது சின்ன விஷயமில்லை. சட்டப்படி இரண்டு திடலும் பொதுத் திடல்தான். நடைமுறையில், சுண்ணாம்பு வாங்கியவர் நாளைக்கு 'இது எங்க கிரவுண்டு' என்பார்.

கிராமங்களுக்குப் போனால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். என் ஆய்வுக்காக ஊர் ஊராகப் போகும்போது டோர்னமென்ட் சுவரொட்டிகளைப் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. மேலே சாதித் தலைவர் படம், கீழே முதல் பரிசு வழங்குபவர் பெயர், அதற்கும் கீழே 'விழாக்குழு'. அந்த விழாக்குழுதான் ஏரி உள்வாயிலோ களத்துமேட்டிலோ முள் வெட்டி, மேடு பள்ளம் நிரவி, ஆடுகளம் அமைக்கிறது. சேரி டீமுக்கும் அழைப்பு வரும், நுழைவுக் கட்டணமும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் டோர்னமென்ட் முடிந்த மறுநாள் அதே இடத்தில் நம் பையன்கள் தனியாகப் போய் ஆட முடியுமா? ஆடி ஜெயித்துவிட்டுச் சத்தம் போட்டுச் சிரிக்க முடியுமா? புறம்போக்கு நிலம் ஊருக்கே பொது. வேலையும் பணமும் ஒரு சாதியின் கையில் இருப்பதால் நிலமும் அந்தச் சாதியின் நிலமாகிவிடுகிறது.

மாநில அரசு 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கும் திட்டத்தை 2024-இல் தொடங்கியது. நல்ல திட்டம். பந்தும் மட்டையும் வலையும் வருகின்றன. அவை எந்தத் தெருவில், யார் பொறுப்பில் இருக்கின்றன, எந்தத் திடலில் பயன்படுகின்றன என்று நாம் கேட்க வேண்டும். கிராமப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு மக்கள் பயன்பாட்டுக்குத் திருப்ப வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. பொதுவள ஆதாரங்களைப் பட்டியல் சாதியினர் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுத்தால் அது வன்கொடுமை என்று 2015-இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. திடலைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டும் நம் கையில் இருக்க வேண்டும்.

திடலில் வேலை செய்கிறவருக்கும் ஆடுகிறவருக்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள ஒருவரை நினைத்துப் பார்க்கலாம்: பல்வங்கர் பாலு. சாமர் சமூகத்தில் பிறந்தவர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனேவில் கிரிக்கெட் கிளப்புகளில் மாதம் மூன்று, நான்கு ரூபாய் சம்பளத்தில் திடலைக் கூட்டி, ரோலர் உருட்டி, வலை கட்டினார். வெள்ளையர்கள் பேட்டிங் பழக அவரைப் பந்து வீசச் சொன்னார்கள். அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. அந்த இடது கைச் சுழல் பந்துவீச்சாளரை இந்து அணி சேர்த்துக்கொண்டது, ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில் தேநீர். 1911-இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார். கடைசி வரை அவரை அணித் தலைவராக்கவில்லை. அவருடைய தம்பி விட்டல்தான் 1923-இல் இந்து அணிக்குத் தலைவரானார். பின்னாளில் பாலு 1937 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் அண்ணலை எதிர்த்து நின்று தோற்றார் என்பதும் வரலாறு. அந்த அரசியலில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் திடலைப் பராமரித்த கைக்கு ஆட்டத்தில் என்ன இடம் கிடைத்தது என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி.

இனி நம் திடலுக்கு வருவோம். லீக் வளர்கிறது, திடல் வளரவில்லை என்பதுதான் இந்த அரங்கில் எல்லோரும் சொல்லும் குறை. எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். 12 டீம், ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒரு முறை ஆடினால் 66 ஆட்டங்கள். 10 வயது, 12 வயது, 14 வயது என்று மூன்று பிரிவு வைத்தால் 198 ஆட்டங்கள். சனி, ஞாயிறு சேர்த்து 8 ஆட்டம் நடத்தினால் 25 வாரம் வேண்டும். ஏறக்குறைய ஆறு மாதம். நம்மூரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மார்ச், ஏப்ரல் தேர்வு. மே மாத வெயிலில் பிள்ளைகளை ஆட விடக் கூடாது. மிஞ்சுவது ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை, பிறகு ஜூன் முதல் செப்டம்பர் வரை. கூட்டிப் பார்த்தால் அந்த 25 வாரத்துக்கு அங்கே இங்கே ஒட்டி வரும். தனித்தனி மன்றம் தனித்தனியாக டோர்னமென்ட் அறிவித்தால் ஒட்டவே ஒட்டாது. எல்லா மன்றங்களும் உட்கார்ந்து ஒரே நாட்காட்டி போட்டால்தான் முடியும்.

பயிற்சிக்கும் இதே கணக்கு. 36 டீம், வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் என்றால் 72 மணி நேரம். முழுத் திடலையும் ஒரே டீமுக்கு விட்டால் நடக்காது. பன்னாட்டு அளவுத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 10 வயதுப் பிள்ளைக்கு அதில் கால் பங்கே தாராளம். நான்காகப் பிரித்துக் கோடு போட்டால் 72 மணி நேரம் 18 மணி நேரமாகிறது. மாலையில் மூன்று மணி நேரம் வீதம் ஆறு நாள், அவ்வளவுதான். இடம் இல்லை என்று நாம் சண்டை போடும் பல இடங்களில் உண்மையில் இல்லாதது நேர ஒழுங்குதான். மூத்த பையன்கள் முழுத் திடலையும் மூன்று மணி நேரம் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளை ஓரத்தில் நிற்க வைப்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். அதிலும் பெண் பிள்ளைகளுக்கு எந்த நேரம் கொடுக்கிறோம்? எல்லோரும் ஆடி முடித்த பிறகு ஏழரை மணிக்கு என்றால், வர வேண்டாம் என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதான். ஐந்து மணி நேரம் அவர்களுக்கும் முறை வைத்துக் கிடைக்க வேண்டும். கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் தண்ணீரும் வெளிச்சமும் இல்லாத திடலைப் பொதுத் திடல் என்று சொல்லாதீர்கள்.

பராமரிப்பில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. மண் திடலின் எதிரி தேங்கும் தண்ணீர். நடுவை உயர்த்தி, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இரு பக்கமும் சரிவு விட வேண்டும். நடுவிலிருந்து பக்கக் கோடு வரை 34 மீட்டர், ஆக நடுப்பகுதி 34 சென்டிமீட்டர் உயரம். ஓரத்தில் கால்வாய், அது தெரு வடிகாலில் சேர வேண்டும். கோல் வாசல் முதலில் குழியாகும். பயிற்சியின்போது கோல் போஸ்டை இடம் மாற்றி வைத்தால் அந்த இடம் பிழைக்கும். அப்படி நகர்த்தும் போஸ்டைத் தரையோடு கட்டாயம் பிணைக்க வேண்டும். சாய்ந்து விழுந்தால் குழந்தையின் உயிர் போகும். மழைக்காலத்தில் சேற்றில் ஆடாமல் திடலுக்கு ஓய்வு கொடுத்து, மழை விட்டதும் செம்மண் நிரப்பி, ஈரம் முழுக்க வற்றும் முன் ரோலர் உருட்ட வேண்டும்.

செயற்கைப் புல் போட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் சொல்வார்கள். அதிக நேரம் ஆடலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கும் தூரிகை போட்டுச் சீவ வேண்டும், ரப்பர் துகள் நிரப்ப வேண்டும், ஏறக்குறைய பத்து ஆண்டில் மொத்தமாக மாற்ற வேண்டும். சென்னை வெயிலில் நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்த ரப்பர் துகள் நுண்பிளாஸ்டிக் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அதன் விற்பனையைப் படிப்படியாக நிறுத்த 2023-இல் விதி போட்டது. திறப்பு விழாவுக்குப் பணம் ஒதுக்கி, பத்தாவது ஆண்டுக்கு ஒதுக்காத திட்டம் எதுவும் தனியார் கைக்குப் போகும் வழிதான்.

இந்த வேலையை யார் செய்வது? இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். 'நம்ம பசங்களே சேவையாகச் செய்யட்டும்' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. கூட்டுவதும் அள்ளுவதும் சேரிப் பிள்ளைகளுக்குச் சேவையாகவும், மற்ற பகுதிகளில் அது சம்பள வேலையாகவும் இருக்க வேண்டுமா? தூய்மைப் பணியாளரைக் கூடுதல் வேலையாக அனுப்புவதும் தீர்வல்ல. திடல் காப்பாளர் என்ற பணியிடம் வேண்டும். மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, மண் வேலையிலும் புல் வேலையிலும் பயிற்சி, கையில் நல்ல கருவி வேண்டும். பாலு உருட்டிய ரோலரை இன்னும் ஒரு தலைமுறை கூலியில்லாமல் உருட்டக் கூடாது.

ஆகவே நான் முன்வைப்பது நான்கு. முதலாவது, ஒவ்வொரு திடலுக்கும் உள்ளாட்சி நிதிநிலை அறிக்கையில் தனிப் பராமரிப்புத் தலைப்பு. இரண்டாவது, சம்பளம் பெறும் திடல் காப்பாளர். மூன்றாவது, எந்த மன்றத்துக்கு எந்த நேரம் என்று எல்லோரும் படிக்கும்படி திடல் வாசலில் நாட்காட்டிப் பலகை. சாவி எந்தத் தனி மன்றத்திடமும் இருக்கக் கூடாது. நான்காவது, அந்த நாட்காட்டியைப் போடும் குழுவில் எல்லாக் குடியிருப்புகளின் ஆட்களும், வீராங்கனைகளும், பெற்றோரும் இருக்க வேண்டும்.

இதைக் கேட்க இடமும் இருக்கிறது. கிராமத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகரத்தில் 2022 முதல் பகுதி சபைகள் கூடுகின்றன. அங்கே சாலை, தெருவிளக்கு, குப்பை பற்றிப் பேசுகிறோம். அடுத்த கூட்டத்துக்குத் திடலின் அளவையும், டீம்களின் பட்டியலையும், இந்த 72 மணி நேரக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை எழுந்திருக்காதீர்கள். கட்டணத்தைத் திரும்பப் பெற வைத்த நம்மால் இதையும் வாங்க முடியும்.