சாவி வண்டியில இருந்தா, வண்டி உங்களது இல்லீங்க

(அவிநாசியில் சரக்கு வாகன உரிமையாளர்கள், ஓட்டுநர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

பிக்அப் வண்டியைப் பத்தி உங்களுக்குச் சொல்லித்தர எனக்குத் தகுதி கிடையாது. திருப்பூருக்கு நூல் மூட்டை, திரும்பி வர்றப்ப பனியன் பண்டல்னு ஓட்டறவங்க நீங்க. நான் பேச வந்தது வண்டி நிக்கிற நேரத்தைப் பத்தி.

லோடு இறக்கறப்ப இன்ஜினை அணைக்காம இறங்கற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. கேட்டா, "பேட்டரி வீக்குங்க, அணைச்சா செல்ஃப் எடுக்காது" என்பீர்கள். புது பேட்டரி வாங்கற செலவைத் தள்ளிப்போட, கடன் அடையாத வண்டியைத் திறந்து வைக்கிறோம்.

உச்ச நீதிமன்றத்துக்கே இப்படி ஒரு வழக்கு போனது. வழி விசாரிக்க இறங்கிய டிரைவர் சாவியை லாரியிலேயே விட்டார். லாரி போய்விட்டது. அஜாக்கிரதை என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது. 2023-இல் நீதிமன்றம் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. வெற்றிதான், ஆனா மீதி 25 சதவீதம் போனது போனதுதான். அலைஞ்ச வருஷங்களுக்கும் கணக்கு இல்லை.

அதனால அஞ்சு நிமிஷ டீக்குக்கூட சாவி பாக்கெட்டுக்கு வரட்டும். ரெண்டாவது சாவி வீட்டு பீரோவில் இருக்கட்டும். வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ்காரர்கள் வழக்கமா ரெண்டு சாவியையும் கேட்பார்கள். அசல் ஆர்சியை டேஷ்போர்டில் வைக்க வேண்டாம், திருடனுக்கு அது கூடுதல் வசதி. டிஜிலாக்கர், எம்-பரிவாஹன் செயலிகளில் காட்டும் ஆர்சியே சோதனையில் செல்லும்.

ராத்திரி சேலம்–கொச்சி ரோட்டோரம் ஒதுக்குப்புறமா நிறுத்தாதீங்க. வெளிச்சமும் கேமராவும் இருக்கிற பங்க், கடை பக்கம் கேட்டு நிறுத்துங்க. முன்சக்கரத்தைத் திருப்பி ஸ்டீயரிங் லாக் போடுங்க. கியர் லாக்கும், மறைவா ஒரு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சும் எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் மாட்டித் தருவார். ஜிபிஎஸ் இருக்கிறவங்க அதன் சிம்முக்கு ரீசார்ஜ் இருக்கான்னு பாருங்க. பல பேரு அதைத்தான் மறக்கறாங்க.

அப்படியும் வண்டியைக் காணோமா? முதலில் 112. ஜிபிஎஸ் இடம் காட்டினால் நீங்களே துரத்தாதீங்க, போலீஸ்கிட்ட காட்டுங்க. சம்பவம் எந்த ஊர் எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டப்படி போன் வழியாகவும் தகவல் அனுப்பலாம், மூணு நாளுக்குள்ள போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்க.

அதே நாளில் இன்சூரன்ஸுக்கும் சொல்லுங்க. ஒரு டிராக்டர் திருட்டில் கம்பெனிக்கு 52 நாள் கழித்துத் தகவல் போனது. திருடு போன அன்றே போலீஸ் புகார் இருந்ததால், அந்தத் தாமதத்தைக் காட்டி மறுக்கக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவரைக் காப்பாற்றியது அன்றைய புகார்தான்.

இப்பவே போனை எடுத்து, சேஸிஸ் எண், இன்ஜின் எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வீட்டுக்காரம்மாவுக்கோ மகனுக்கோ அனுப்பி வையுங்க. அப்படியே பாலிசியைத் திறந்து பாருங்க. தர்ட் பார்ட்டி மட்டும்னு இருந்தா, வண்டி திருடு போனதுக்கு அதில் ஒரு ரூபாய் கிடைக்காதுங்க.