கழியில் ஒரு காலைப் பொழுது

கடலைக் கரையில் நின்று காண்பது ஒரு வகை. கலத்தில் ஏறிக் கடப்பது மற்றொரு வகை. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. கடல்நீர் நிலத்துக்குள் நுழைந்து, மரங்களின் காலடியில் ஆறு போல் நெளிந்து கிடக்கும் இடத்தை நம் முன்னோர் கழி என்றனர். அத்தகைய கழி ஒன்றில் துடுப்புத் தள்ளிச் சென்ற ஒரு காலைப் பொழுதைப் பற்றி இன்று நேயர்களோடு பேச விரும்புகிறோம்.

சித்திரை மாதம். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து சேரும் வரை அந்தமான் கடல் அமைதியாக இருக்கும். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நகரில், ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். தீவுகளுக்கிடையே செல்லும் அரசுக் கப்பல்கள் புறப்படும் துறை அது. மூட்டை முடிச்சுகளோடு ஊர் திரும்புவோர், காய்கறிக் கூடைகள், பள்ளிப் பிள்ளைகள் என்று மேல்தளம் நிறைந்திருந்தது. வங்காளம், இந்தி, தெலுங்கு, தமிழ் ஆகிய மொழிகள் அங்கே கலந்து ஒலித்தன. முன்பு ஹாவ்லாக் எனப்பட்டு, 2018 முதல் சுவராஜ் தீவு எனப்படும் தீவை மாலைக்குள் அடைந்தோம்.

மறுநாள் காலை எங்களுக்குக் கிடைத்த தோணிக்குக் கயாக் என்று பெயர். வடதுருவத்தை அடுத்த பனிநாடுகளில் வாழும் இன்யூட் மக்கள், கடல்நாய் வேட்டைக்காகச் சட்டத்தின்மேல் தோல் போர்த்துச் செய்துகொண்ட ஒடுங்கிய தோணி அது. இன்று பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு வெப்ப நாடுகளிலும் மிதக்கிறது. பொறி இல்லை, புகை இல்லை, ஓசையும் இல்லை. ஆகவே பறவைகள் அஞ்சுவதில்லை.

புறப்படும் நேரத்தை எங்கள் கடிகாரம் முடிவு செய்யவில்லை. ஓதமே முடிவு செய்தது. இத்தீவுகளில் கடல் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. உவா நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2 மீட்டர். அன்று அமாவாசையை ஒட்டிய நாள். காலை பத்து மணியளவில் நீர் நிறையும் என்றும், ஏறும் நீரோடு உள்ளே சென்று, வற்றும் நீரோடு வெளியே வந்துவிட வேண்டும் என்றும் வழிகாட்டியாக வந்த படகுக்காரர் கூறினார். அவருடைய பாட்டனார் இராமநாதபுரத்திலிருந்து வந்து குடியேறியவராம்.

கழியின் இருபுறமும் சுரபுன்னை மரங்கள் நின்றன. பிச்சாவரத்தில் படகேறிய அன்பர்களுக்கு இம்மரம் புதிதன்று. வில்போல் வளைந்த வேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்கும். அதன் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல் நீண்டு, பின்னரே கீழே விழுகிறது. உப்பு நீரில் பிறக்கும் பிள்ளையை வளர்த்துவிட்டே உலகுக்கு அனுப்பும் தாய் அது.

நீர் இன்னும் மூடாத சேற்றில், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் அக்கொடுக்கை உயர்த்தி உயர்த்தித் துணையை அழைத்துக்கொண்டிருந்தன. மீனாகப் பிறந்தும் சேற்றில் துள்ளித் திரியும் சிறு மீன்கள் வேர்களின்மேல் ஏறி அமர்ந்து எங்களை உற்று நோக்கின. நீலச் சிறகும் வெண்ணிறக் கழுத்துப் பட்டையும் உடைய மீன்கொத்தி ஒன்று கிளைக்குக் கிளை தாவி, எங்களுக்கு முன்னே வழிகாட்டுவது போல் பறந்தது. உயரத்தில் வெண்வயிற்றுக் கடற்கழுகு வட்டமிட்டது.

ஒரு கிளைக்கழியின் வாயில் படகுக்காரர் துடுப்பை உயர்த்தி எங்களை நிறுத்தினார். கரைச்சேற்றில் அகன்ற பள்ளம் ஒன்று வழவழப்பாக நீரை நோக்கி இறங்கியிருந்தது. அதன் இருமருங்கும் நகத் தடங்கள். "இது முதலை இறங்கிய தடம் ஐயா. இன்னும் காயவில்லை. இதற்குமேல் வேண்டாம்" என்றார். எங்களுள் ஒருவர், இவ்வளவு தூரம் வந்து முதலையைக் காணாமல் திரும்புவதா என்று வாதாடினார். படகுக்காரர் குரலை உயர்த்தவில்லை. "நாம் அதைக் காணவில்லை, அது நம்மைக் காணவில்லை என்று எப்படிச் சொல்வது?" என்று மட்டும் கேட்டார். வாதம் அங்கே முடிந்தது, தோணிகள் திரும்பின.

உவர்நீர் முதலையே இன்று உலகில் வாழும் ஊர்வனவற்றுள் மிகப் பெரியது. ஆண் 5 மீட்டருக்கு மேலும் வளரும். தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிவந்த அதனை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காத்தது. இதே தீவின் கடற்கரை ஒன்றில், 2010ஆம் ஆண்டில், அயல்நாட்டுப் பெண் ஒருவர் நீந்துகையில் முதலைக்கு இரையானார். காப்பதும் அஞ்சுவதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதை அத்தடத்தின் முன் உணர்ந்தோம்.

வற்றத்தோடு வெளியேறும்போது, 2004 டிசம்பர் 26ஆம் நாளைப் பற்றிப் பேச்செழுந்தது. அன்றைய நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது; வட அந்தமானில் நிலம் உயர்ந்தது. தெற்கே வயல்களில் கடல் புகுந்து திரும்பாமலே தங்கியது. அலையாத்திக் காடுகள் சில மூழ்கி அழிந்தன. வடக்கே ஓதம் எட்டாமல் காடுகள் வறண்டு மடிந்தன. ஒரே அதிர்ச்சியில் ஒரு காடு நீர் மிகுந்து மாண்டது. மற்றொன்று நீரின்றி மாண்டது. நிக்கோபார் தீவுகளோ தம் அலையாத்திக் காடுகளில் பெரும்பகுதியை இழந்தன. ஆயினும் இவ்விரு தீவுக்கூட்டங்களிலும் இன்றும் ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காடு நிற்கிறது. கடல் புதிதாகப் புகுந்த இடங்கள் சிலவற்றில் இளங்கன்றுகள் தாமே வேரூன்றின.

கடலுக்கும் காட்டுக்கும் இடையே உள்ள இந்த உடன்பாடு சில அடி உயரத்தில் நிற்பது. அதைக் கலைக்க நிலநடுக்கமே வர வேண்டும் என்பதில்லை. கழியின் வாயை அடைக்கும் ஒரு மண்மேடு போதும். ஓதம் உள்ளே வராது.

மறுநாள் மாலை ஃபீனிக்ஸ் பே துறையில் இறங்கினோம். முதலையைக் காணவில்லையே என்று வாதாடிய நண்பரை, என்ன கண்டீர் என்று வீட்டார் கேட்டனர். "முதலையின் வீட்டு வாசலைக் கண்டேன், உள்ளே போகாமல் திரும்பினேன்" என்றார். விருந்தினருக்கு அழகு அதுவே என்று எங்களுக்கும் தோன்றியது.