மனங்கலங்கிய வேளையும் மருத்துவமனையும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, தொழில், திருமணச் செலவைச் சுருக்குதல் முதலிய பொருள்கள் பற்றி அறிஞர் பலர் இப்பேரவையில் ஆண்டுதோறும் பேசக் கேட்டிருக்கின்றீர்கள். யான் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ அவைகளிற் பேசப்படாதது. ஆயின் வீடுகளில் நிகழ்வது. யான் மருத்துவன் அல்லேன், தமிழ் பயிற்றுவோன். மருத்துவ நூலோர் தெளிவித்தவற்றையும் சட்டம் வகுத்தவற்றையும் தொகுத்து உங்கள்முன் வைப்பதொன்றே என் பணியாகும்.

வயலில் ஒருவனைப் பாம்பு தீண்டிற்று எனக் கொள்வோம். அவனை நாம் யாது செய்கின்றோம்? நாளும் கோளும் பார்ப்பதில்லை; அயலார் காண்பரே என்று கதவை அடைப்பதில்லை. கிடைத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகின்றோம். மார்பு வலித்தாலும் அவ்வாறே. ஆனால், அதே வீட்டில் ஒரு மகனோ மருமகளோ உறக்கமின்றி, உணவின்றி, "இனி யான் இருந்து பயனில்லை" என்று கூறி மூலையில் அமர்ந்தால், முதலில் அடைபடுவது வாயிற்கதவே. "பொழுது விடியட்டும், மாமனார் வரட்டும், தங்கையின் நிச்சயதார்த்தம் முடியட்டும்" என்று நாள்கள் கழிகின்றன. பெண் கொடுப்போரும் கொள்வோரும் அறிந்துவிடுவரே என்னும் அச்சமே இதற்கு மூலம். ஒரே குலத்துள் கொள்வினை கொடுப்பினை செய்யும் நம்மிடையே இவ்வச்சம் மிகுதி என்பதை யான் சொல்லவும் வேண்டுமோ? இவ்வச்சத்தினால் உயிர்கள் போகின்றன. இதனை விலக்குவதே என் உரையின் நோக்கம்.

முதற்கண், எந்நிலை அவசர நிலை என்பதை அறிதல் வேண்டும். தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வாய்விட்டு உரைத்தல். காரணமின்றி யாவரிடமும் விடைபெறுவார் போன்று பேசுதல். தன் உடைமைகளைத் திடீரெனப் பிறர்க்குப் பகிர்ந்தளித்தல். தீங்கு செய்யுமாறு ஏவும் குரல்கள் காதிற் கேட்பதாகக் கூறுதல். பல இரவுகள் கண் மூடாது அளவிறந்த எழுச்சியோடு திரிதல். பேச்சும் அசைவும் அற்று, உணவும் நீரும் மறுத்துக் கிடத்தல். தன்னையோ பிறரையோ தாக்க முற்படுதல் ஆகிய இவை ஒவ்வொன்றும் அன்றே, அப்பொழுதே மருத்துவரை நாடவேண்டிய நிலைகளாம்.

இவற்றினும் நாம் எளிதிற் பிழைபட உணரும் நிலைகள் மூன்று உள. மகப்பேறுற்ற தாய் ஒருத்தி, முதல் இரு வாரங்களுக்குள் உறக்கம் இழந்து, நிலை தடுமாறி, குழந்தையைப் பற்றிப் பொருந்தாதன பேசுவாளாயின், அது பேயுமன்று, பிடிவாதமுமன்று. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் நேரும் கடுநோய் அது. தாய்க்கும் சேய்க்கும் ஒருங்கே இடர் தருவது. சிகிச்சையினால் நன்கு குணமாவது. இனி, நெடுநாட் குடித்தவர் குடியைத் திடீரென நிறுத்திய இரண்டு மூன்று நாளில், உடல் நடுங்கி, வியர்த்து, இல்லாதன கண்டு அலறுவது உண்டு. மருத்துவமின்றேல் இஃது உயிரையே வாங்கும். மூன்றாவது, முதியோர் ஒருவர் ஓரிரு நாளில் ஆள் அறியாது, இடம் அறியாது குழம்புதல். சிறுநீர்ப் பாதையில் நோய்த்தொற்றோ, இரத்தத்தில் உப்புக் குறைவோ, சர்க்கரைத் தாழ்வோ, தலையிற்பட்ட அடியோ அதற்குக் காரணமாகலாம்.

இதனாற் பெறப்படுவது யாதெனின், மனங்கலங்கினார் யாவர்க்கும் நோய் மனத்தளவிலேயே நின்றுவிடுவதில்லை என்பது. ஆகலின், இரவில் மனநல மருத்துவர் எங்குளர் என்று தேடி அலைய வேண்டுவதில்லை. அண்மையிலுள்ள பொது மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவிற்கே செல்க. ஆங்குச் சர்க்கரை, உப்பு, காய்ச்சல், நாடி முதலியவற்றை ஆய்ந்து, உடற்பிணியா மனப்பிணியா என்று பிரித்தறிவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவும் உண்டு. நஞ்சு உண்டவராயின் வீட்டில் வாந்தி எடுப்பிக்க முயலாது, உண்ட பொருளின் புட்டியையும் உடன்கொண்டு விரைதல் வேண்டும். 108 என்னும் எண்ணிற்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். செல்வதா வேண்டாவா என்று ஐயுறுவோர், இந்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பெறலாம்.

வண்டி வருமளவும் செய்யத்தக்கன சில. நோயுற்றவரைத் தனியே விடற்க. பலர் கூடி நின்று கூச்சலிடாது, அவர் அன்பிற்குரிய ஒருவர் மட்டும் அருகமர்ந்து தாழ்ந்த குரலிற் பேசுக. அவர் காண்பதாகவும் கேட்பதாகவும் கூறுவனவற்றைப் பொய்யென்று வழக்காடற்க. கத்தி, கயிறு, வயல்மருந்து, மிகுதியான மாத்திரைகள் ஆகியவற்றை அவ்விடத்தினின்றும் அகற்றுக. "சாக வேண்டும் என்று தோன்றுகின்றதா?" என்று நேராகவே வினவுக. அங்ஙனம் வினவுதல் அவ்வெண்ணத்தை விதைக்கும் எனப் பலர் அஞ்சுவர். அவ்வாறில்லை என்று மருத்துவர் தெளிந்துரைக்கின்றனர். கேட்பார் ஒருவர் வாய்த்தமையாற் பாரம் குறைவதே பெரும்பான்மை. கலியாணத்திற்குப் போகின்றோம் என்று பொய் கூறி ஏற்றுவது வேண்டா. "உனக்கு உடல் நலமில்லை, மருத்துவரிடம் செல்வோம், யான் உடனிருப்பேன்" என்னும் மெய்யுரையே பின்னாளிலும் நம்பிக்கையைக் காக்கும்.

இனி வள்ளுவனார்பாற் செல்வோம். மருந்து என்னும் அதிகாரத்துள் அப்பெருமான் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தனர்: பிணியாளன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என. நான்காமவனை ஏனைய மூவரோடு ஒப்ப வைத்த நுட்பத்தை நோக்குமின்! மனநோயில் அந்நான்காம் கூறு இன்னும் பெரிது. காலொடிந்தவன் தன் வலியைத் தானே உரைப்பான்; மனங்கலங்கியவன் உரைக்கமாட்டான். அவன்பொருட்டு உரைக்க வேண்டியவர் உடன்சென்றவரே. எந்நாளிற் தொடங்கிற்று, உறக்கம் எத்துணை, உணவு எத்துணை, குடி உண்டா, முன்பு இவ்வாறு நேர்ந்ததா, குடும்பத்தில் யார்க்கேனும் உண்டா, என்ன சொற்களைச் சொன்னார் என்பனவற்றை ஒளியாது கூறுக. உண்டுவரும் மருந்துகளையும் பழைய சீட்டுகளையும் கொண்டுசெல்க. "வழுக்கி விழுந்தான்" என்று மறைத்துக் கூறின், மருத்துவர் காயத்திற்கு மட்டும் கட்டுப்போட்டு அனுப்பிவிடுவர். உயிர்க்கு உற்ற இடர் அப்படியே நிற்கும்.

சட்டம் பற்றிய அச்சமும் பலர்க்கு உண்டு. 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2018-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் நமக்குத் துணையாகவே நிற்கின்றது. உயிர்க்கு இறுதியோ, தனக்கும் பிறர்க்கும் கடுந்தீங்கோ நேரும் நிலையில், பதிவுபெற்ற எந்த மருத்துவரும் உடனிருக்கும் பிரதிநிதியின் இசைவு பெற்று அவசரச் சிகிச்சை அளிக்கலாம். அதற்கு எல்லை 72 மணி நேரம்; அதற்குள் மனநல மருத்துவ நிலையத்தில் அவரைப் பரிசோதித்தல் வேண்டும். ஆகவே, "ஒருமுறை உள்ளே போனால் ஆயுள் முழுதும் அடைத்துவிடுவர்" என்பது வெற்றச்சம். மின்னதிர்ச்சிச் சிகிச்சையை அவசரச் சிகிச்சையாக அளித்தலை அச்சட்டம் தடுத்துள்ளது. நோய்ச் செய்தியை மருத்துவர் பிறர்க்கு வெளியிடலாகாது என்றும் விதித்துள்ளது. உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மனவழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளப்படுவர். அதற்காகத் தண்டிக்கப்படார் என்பதும் அச்சட்டமே. அம்முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டப் பிரிவும், 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதனுள் இடம்பெறவில்லை. அரசு ஊழியரை அச்சுறுத்தித் தடுக்கும்பொருட்டு அங்ஙனம் முயல்வது மட்டுமே இன்று குற்றம். மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்திற்குச் செய்தி சென்றாலும் நடுங்க வேண்டுவதில்லை.

அச்சட்டம் அறவே விலக்கிய மற்றொன்று சங்கிலி. மனநோயுற்றார் எவரையும் எவ்வகையாலும் சங்கிலியாற் பிணித்தல் ஆகாது. ஏன் இவ்விதி? 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றிற்று. பிணிக்கப்பட்டிருந்தமையின் ஓட இயலாது 28 உயிர்கள் மாண்டன. அவர்கள் பகைவராற் கட்டப்பட்டவர் அல்லர். உறவினரால் ஆண்டுக் கொண்டுபோய் விடப்பெற்றோர் பலர். குணம் வேண்டியே விட்டனர். ஆயினும் நான்காம் கூறாகிய உடனிருத்தல் அங்கு இல்லாதொழிந்தது. தெய்வ வழிபாட்டை யான் விலக்கவில்லை. மருந்தோடு வழிபாடும் நிகழ்க. முதலிற் செல்லுமிடம் மருத்துவமனையாகுக.

பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் எள்ளும்போது "கீழ்ப்பாக்கம்" என்று கூறக் கேட்கின்றோம். சென்னையில் 1794-ஆம் ஆண்டிலேயே தோன்றிப் பின் அவ்வூரில் நிலைபெற்று, எண்ணற்றோர்க்கு உறைவிடமும் மருந்தும் அளித்துவரும் அரசு நிலையத்தின் ஊர்ப்பெயர் நம் நாவில் வசையாயிற்று! அவ்வசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தனக்கே மனங்கலங்கும் நாளில் யாரிடம் வாய் திறக்கும்? பெற்றோர் இதனை வீட்டிலேயே திருத்துக.

சங்கத்தார்க்கு என் வேண்டுகோள்கள் நான்கு. ஒன்று: ஊர்தோறும் ஆடவர் ஒருவரும் பெண்டிர் ஒருவரும், எந்த இரவிலும் அழைத்தால் உடன்வருவோராகவும் கேட்டதைப் பிறர்க்குச் சொல்லாதவராகவும் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளுதல். இரண்டு: உடனிருப்போரின் உணவுக்கும் வண்டிக்குமாகச் சிறு நிதியொன்று வைத்தல். மூன்று: 108, 14416 ஆகிய எண்களை நம் பத்திரிகையின் உள்ளட்டையில் மாதந்தோறும் அச்சிடுதல். நான்கு: பெண் பார்க்கும் வீடுகளில், மருத்துவம் பெற்று நலமுற்ற ஒருவரைப் பற்றிப் புறங்கூறுவதில்லை என்று நாம் யாவரும் உறுதி கொள்ளுதல். முதல் மூன்றிற்கும் பணமும் ஆளும் வேண்டும். நான்காவதற்கு ஒரு காசும் வேண்டா. ஆயினும் அதுவே அரியது. அஃதின்றி ஏனைய மூன்றும் பயன்படா. ஏனெனில், புறங்கூறுவார்க்கு அஞ்சியே கதவுகள் அடைபடுகின்றன.

மருத்துவமனையினின்று திரும்பியபின்னும் கடமை முடிவதில்லை. திரும்பிய முதற்சில வாரங்களே மீண்டும் இடர் மிகும் காலம். மருந்தைத் தவறாது கொடுத்தலும், குறித்த நாளில் மீண்டும் அழைத்துச் செல்லுதலும், தனிமையில் விடாது பேணுதலும், "இப்படிச் செய்துவிட்டாயே" என்று இடித்துரையாதிருத்தலும் அக்காலத்திற்கு உரியன.

குலம் என்பது நல்ல நாளிற் பந்தலில் கூடுவதற்கு மட்டும் அமைந்ததன்று. இடர் வந்த இரவில் ஒருவர் வாயிலில் மற்றொருவர் சென்று நிற்பதற்கும் அமைந்தது. நும்முள் எவர் வீட்டிலேனும் இன்றிரவே அந்நிலை நேர்ந்திருப்பின், கூட்டம் கலைந்தபின் என்னிடமோ காரியதரிசியிடமோ ஒரு சொல் உரைமின், உடன்வருவோம்.