ஷெர்வுட் காட்டில் ஒரு கொலை



துப்பறியும் நாடகம் என்றதும், இரவு உணவுக்குப் பின் பொழுதுபோக்கப் பார்ப்பது என்றே பலரும் எண்ணுகிறோம். ஒரு கொலை நிகழும். ஐவர்மேல் ஐயம் எழும். இறுதியில் நாம் எண்ணியும் பாராத ஆறாமவர் அகப்படுவார். அதில் இன்பம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த இன்பத்தில் பங்குண்டு. ஆயினும் நெய்வேலி நகரியத்தில் வாழ்வோருக்கு நான் இன்று பரிந்துரைக்கும் ஆங்கில நாடகம், கொன்றவர் யார் என்பதைக் காட்டிலும் பெரிய வினா ஒன்றை எழுப்புகிறது. 'ஷெர்வுட்' என்பது அதன் பெயர். ஜேம்ஸ் கிரகாம் எழுதினார், பி.பி.சி. 2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஆறு பகுதிகளாக ஒளிபரப்பிற்று.

ஷெர்வுட் என்றால் இராபின் ஹூட் மறைந்து வாழ்ந்த காடு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த நாட்டிங்காம்ஷயர் மண்ணுக்கு அடியில் இருந்தது நிலக்கரி. சுரங்கங்கள் மூடப்பட்டபின் எஞ்சிய ஊர் ஒன்றிலே, முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவர் அம்பு பாய்ந்து இறக்கிறார். துப்புத் துலக்க இலண்டனிலிருந்து வரும் அதிகாரி, 1984-இல் வேலைநிறுத்தத்தின்போது இளங்காவலராக அதே ஊருக்கு அனுப்பப்பட்டவர். ஊரார் அவரை மறக்கவில்லை. 2004-இல் அவ்வட்டாரத்தில் உண்மையாகவே நிகழ்ந்த இரு கொலைகளே ஆசிரியரின் கற்பனைக்கு வித்து. அவர் வளர்ந்ததும் அந்தப் பகுதியில்தான்.

அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சிறிது அறிந்து கொண்டால் நாடகம் நன்கு விளங்கும். இருபது சுரங்கங்களை மூடி, இருபதாயிரம் பேரை வேலையிலிருந்து நீக்கும் திட்டம் 1984 மார்ச்சில் வெளிவந்தது. பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர் பெரும்பாலோர் ஓராண்டுக் காலம் வேலைக்குச் செல்லவில்லை. நாட்டிங்காம்ஷயரிலோ, நாடளாவிய வாக்கெடுப்பு இன்றி வேலைநிறுத்தம் முறையாகாது என்று கூறிப் பெரும்பான்மையினர் வேலைக்குச் சென்றனர். சிறுபான்மையினர் வாயிலில் நின்று மறித்தனர். இருவருக்கும் இடையே பல மாவட்டங்களிலிருந்தும் காவற்படை வந்து நின்றது. 1985 மார்ச்சில் போராட்டம் தோற்று முடிந்தது. அங்கே பகைமை மட்டும் முடியவில்லை.

வேலைக்குச் சென்றவனை அவ்வூரார் அழைக்கும் சொல், புண்ணின்மேல் காயும் பொருக்கைக் குறிப்பது. தமிழில் நாம் 'கருங்காலி' என்கிறோம். மரத்தை வெட்டும் கோடரிக்கு மரமே காம்பாவதைச் சுட்டும் நம் சொல் இன்னும் கூர்மையானது என்பேன். நாற்பதாண்டு கழிந்தும் மதுக்கடையில் அச்சொல் எறியப்படும்போது, முதியவர் ஒருவரின் முகம் மாறுவதைப் பாருங்கள். உடன்பிறந்த சகோதரியர் இருவர், கணவன்மார் எதிரெதிர் நின்ற காரணத்தால், கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தும் பேசுவதில்லை. கொலையைவிட இதுதான் என்னை வருத்தியது. கணவனை இழந்த மூத்தவளாக லெஸ்லி மான்வில் அழுகையைக்கூட அடக்கியே நடித்திருக்கிறார். உள்ளூர்க் காவல் அதிகாரியாக வரும் டேவிட் மாரிசியும் அத்தகையவரே.

நெய்வேலியோடு இதற்கு என்ன தொடர்பு என்பீர்கள். அவர்களுடையது பாதாளச் சுரங்கம். நம்முடையது வானம் பார்த்த திறந்தவெளிச் சுரங்கம். ஆனால் சுரங்கமே சோறிடும் ஊரின் இயல்பு ஒன்றுதான். ஒரே வட்டத்தில் குடியிருந்து, ஒரே சங்கொலிக்கு எழுந்து, ஒரே பேருந்தில் சென்றவர்களே வேலைநிறுத்த நாளில் வாயிலின் இருபுறமும் நிற்க நேர்கிறது. நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், நிலம் கொடுத்தோர் என்று நம்மிடையேயும் கோடுகள் உள்ளன. உடன்பாடு கையெழுத்தானபின், மறுநாள் காலையில் பக்கத்து வீட்டாரிடம் முதலில் பேசுவது யார்? நாடகம் இதைத்தான் கேட்கிறது.

மற்றொன்றும் உண்டு. நாட்டிங்காம்ஷயரின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2015-இல் மூடப்பட்டது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம், அதே மாவட்டத்தில் இருந்தது, 2024 செப்டம்பர் 30 அன்று நின்றது. 1962-இல் மின் உற்பத்தி தொடங்கிய நம் முதல் அனல்மின் நிலையமும் 2020-இல் ஓய்ந்ததை நெய்வேலியார் அறிவர்.

குறை இல்லையா? உண்டு. இரண்டாவது கொலை சற்று வலிந்து புகுத்தியதாகவே எனக்குப் பட்டது. வேலைநிறுத்தக் காலத்தில் ஊருக்குள் அனுப்பப்பட்ட உளவாளி யார் என்னும் புதிரும், பிற்பகுதியில் வேண்டிய அளவுக்கு மேல் நீள்கிறது. 2024-இல் இதன் இரண்டாம் தொடரும் வந்தது, முதலாவதிலிருந்தே தொடங்குங்கள்.

அவர்கள் பேசும் ஆங்கிலம் நாம் படித்த ஆங்கிலம் அன்று. எதிர்ப்படும் எவரையும் 'வாத்தே' என்று அன்போடு அழைப்பது அவ்வட்டார வழக்கம். அதை வசை என்று கொள்ள வேண்டா. திரையின் அடியில் எழுத்து ஓடும்படி அமைத்துக் கொள்ளுங்கள். நாளொன்றுக்கு ஒரு பகுதி போதும். வேலைநிறுத்தம் கண்ட முதியவர் வீட்டில் இருந்தால் அவரையும் உடன் அமர்த்திக் கொள்ளுங்கள். இடையிடையே அவர் ஏதேனும் சொல்லத் தொடங்கினால், நாடகத்தைச் சற்று நிறுத்தி வைக்கலாம்.